தொடுவில்லையும் தூய்மையும்: ஒரு வரலாற்று நோக்கு

கண்டி மாநகரிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவீதியிற் கிழக்கு நோக்கிச் செல்வார், குண்டசாலையைக் கடந்து திகன நகரை அடைவர். மகாவலி கங்கையை மறித்து எழுப்பப்பட்ட விக்டோரியா அணைக்கட்டு இந்நகருக்கு அண்மையில் உள்ளது. 122 மீற்றர் உயரமுடைய அவ்வணை 1985ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது. அணையின் பின்னே பெருகிய நீரிற் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிற்று. கங்கைக்கரையில் வாழ்ந்தோர் பலர் இடம் பெயர்ந்தனர். திகனப் பகுதியும் அக்காலந்தொட்டுப் புதிய குடியிருப்புகளையும் கடைத்தெருவையும் பெற்று வளர்ந்தது. இவ்வாறு நீரால் உருமாறிய இந்நகரிலிருந்து நாள்தோறும் கண்டிக்கும் பேராதனைக்கும் கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் செல்லும் இளைஞர் பலர். அவர்களுட் சிலர் இன்று மூக்குக்கண்ணாடியைக் கைவிட்டு, கொன்ராக்ட் லென்ஸ் என வழங்கும் தொடுவில்லையைக் கண்ணில் அணிகின்றனர். பார்வைக் குறை இல்லாதாரும் மணவிழாவிலும் ஆடலரங்கிலும் நிறம் ஊட்டிய வில்லைகளை அணிவது வழக்கமாகி வருகின்றது.

புறத்தைத் தூய்மை செய்யும் கருவி நீரே எனத் திருக்குறள் வகுத்துக் கூறும். காலையில் எழுந்ததும் முகங்கழுவுதல், கோயிலுக்குப் போகுமுன் நீராடுதல், வீட்டிற்குள் நுழையுமுன் கால்கழுவுதல் ஆகிய ஒழுக்கங்கள் யாவும் அக்கருத்தின் வழிவந்தவை. ஆயின் தொடுவில்லை என்னும் இச்சிறு பொருளைப் பொறுத்தவரை நீர் நண்பனாகவும் பகைவனாகவும் நிற்கின்றது. கையைக் கழுவ நீர் இன்றியமையாதது. வில்லையைக் கழுவ அதே நீர் ஆகாது. இவ்வேறுபாட்டை மனிதர் உணர்ந்துகொள்ள நூறாண்டும் பல நூறு கண்களும் செலவாயின. தொடுவில்லையின் வரலாறு பெரும்பாலும் அதனைச் செய்தாரின் வரலாறாகவே சொல்லப்படுகின்றது. அதனைத் தூய்மையாய்ப் பேணக் கற்ற வரலாறு அதனினும் பயன் தரத்தக்கது.

கண்ணின் முன்புறத்திற் கடிகாரத்தின் கண்ணாடிபோற் கவிந்து நிற்கும் தெளிந்த படலத்தை விழிவெண்படலம் என்பர். அதன் நடுப்பகுதியின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றரே. ஒளி தடையின்றிப் புகவேண்டுமாதலின் அதனுள்ளே குருதிக்குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய ஒட்சிசனை அது பெரும்பாலும் கண்ணீரின் வழியாக வெளிக்காற்றிலிருந்தே பெறுகின்றது. கண்ணீர் வெறும் உப்புநீர் அன்று. நுண்ணங்கிகளைச் சிதைக்கும் இலைசோசைம் என்னும் பொருள் அதில் உண்டு. இதனை அலெக்சாந்தர் பிளெமிங் 1922ஆம் ஆண்டில் வெளியிட்டார். இமை மூடித்திறக்குந்தோறும் கண்ணீர் படலத்தைக் கழுவிச் செல்கின்றது. எனவே இயற்கை தானே காவலும் துப்புரவும் அமைத்துள்ள ஓர் இடத்தில் மனிதன் அந்நியப் பொருள் ஒன்றை வைக்கத் துணிந்தான். வைத்த அன்றே அக்காவலில் ஒரு பங்கு தன் கைக்கு மாறிற்று என்பதை அவன் உடனே அறிந்தானல்லன்.

செருமனியிற் பிறந்து சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிற் பணியாற்றிய அடொல்வ் பிக் என்னும் கண் மருத்துவர் 1888ஆம் ஆண்டில் தொடுவில்லை பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். ஊதிச் செய்யப்பெற்ற கண்ணாடி ஓடு ஒன்றை அவர் முதலில் முயலின் கண்ணிலும், பின்னர்த் தம் கண்ணிலும், அதன்பின் நோயாளர் கண்ணிலும் இட்டுப் பார்த்தார். அவ்வோடு வெண்விழியின் மீது தங்கிற்று. அதனுள்ளே முந்திரிகைச் சர்க்கரைக் கரைசல் நிரப்பப்பட்டது. சில மணி நேரத்திற்கு மேல் அதனைத் தாங்குதல் அரிதாயிற்று. அடுத்த ஆண்டில், கிட்டப்பார்வையால் வருந்திய ஔகுஸ்ட் முல்லர் என்னும் மாணவர் கீல் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில், தாமே செய்த வில்லையை அரைமணி நேரமே தாங்க முடிந்ததென எழுதினார். அக்காலத்து வில்லையின் துன்பமே அணிவோர்க்குக் காவலாயிற்று. வலி பொறுக்காது கழற்றி விடுவாராதலின், நெடுநேரம் அணிவதால் வரும் கேடு தோன்ற இடமில்லாது போயிற்று.

1936இல் நியூயோர்க்கைச் சேர்ந்த வில்லியம் பைன்புளூம் கண்ணாடியையும் பிளாத்திக்கையும் இணைத்து வில்லை செய்தார். 1948இல் கலிபோர்ணியாவைச் சேர்ந்த கெவின் தூயி, விழிவெண்படலத்தை மட்டும் மூடும் சிறிய பிளாத்திக்கு வில்லையை வகுத்தார். இவ்வன்வில்லை நீரை உறிஞ்சாதது; கழுவித் துடைத்தால் அழுக்கு நீங்குவது. செக்கொசிலோவாக்கியாவில் ஒட்டோ விச்டெர்லே என்னும் வேதியியலறிஞர், நீரை உறிஞ்சி மென்மையுறும் பொருளைத் துரகோசுலாவ் லிம் என்பாருடன் சேர்ந்து உருவாக்கி 1960இல் அறிவித்தார். 1961ஆம் ஆண்டின் இறுதியில், குழந்தைகள் விளையாடும் உலோகத் துண்டுகளையும் துவிச்சக்கர வண்டியின் தைனமோவையும் கொண்டு தம் வீட்டிலேயே ஓர் எந்திரத்தை அமைத்து மென்வில்லைகளைச் சுழற்றி வார்த்தார். 1971இல் மென்வில்லை அமெரிக்க அரசின் இசைவு பெற்று விற்பனைக்கு வந்தது. கண்ணில் இட்டதே தெரியாத அளவிற்கு அது மென்மையுடையதாயிற்று.

இம்மென்மையிலேதான் புதிய இடரும் பிறந்தது. முதலில் வந்த மென்வில்லையின் எடையில் நூற்றுக்கு 38 பங்கு நீராகும். நீரை ஏற்கும் பொருள் நீரிலுள்ளவற்றையும் ஏற்கும். கண்ணீரின் புரதம் அதிற் படிகின்றது. படிந்த இடத்தில் நுண்ணங்கிகள் பற்றிக்கொள்கின்றன. வலியும் இல்லாமையால் அணிந்தவர் கழற்ற மறக்கின்றார். வன்வில்லைக் காலத்தில் துன்பம் செய்துவந்த காவலை மென்வில்லைக் காலத்தில் ஒழுக்கமே செய்யவேண்டிய நிலை உண்டாயிற்று.

கையே நோயைக் கொண்டு செல்லும் என்னும் அறிவு அதற்கு முன்னரே மருத்துவ உலகில் தோன்றியிருந்தது. எகிப்தியப் போரிலிருந்து திரும்பிய பிரித்தானியப் படைவீரரிடையே பரவிய கண்நோய், 1805இல் இலண்டனிற் பின்னர் மூர்பீல்ட்சு எனப் பெயர்பெற்ற கண் மருத்துவமனை எழுவதற்குத் தூண்டுகோலாயிற்று. 1819இற் சென்னையிலும் கண் மருத்துவமனை நிறுவப்பட்டது. 1847இல் வியன்னா மகப்பேற்று மனையில் இக்னாசு செமல்வைசு என்னும் மருத்துவர், குளோரீன் கலந்த சுண்ணாம்புக் கரைசலிற் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டும் என விதித்தார். அவ்வாண்டு ஏப்பிரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, கோடை மாதங்களில் இரண்டு அளவிற்குத் தாழ்ந்தது. அதே 1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடாத்தி, தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் பயிற்றிய அவர், மாணவர் துணையுடன் மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே கூறும் நூலொன்று 1850களிலேயே தமிழில் அச்சேறியது. அந்நூலிற் சுகாதாரம் 'உற்பாலனம்' எனப் பெயர் பெற்றது. எனவே தூய்மை ஓர் அறிவுத்துறை என்பது ஈழத்துத் தமிழர்க்குப் புதிய செய்தியன்று.

ஆயினும் அவ்வறிவு தொடுவில்லை அணிவோரிடம் வந்து சேரக் காலம் கடந்தது. தொடக்கத்தில் மென்வில்லைகளை உப்புக்கரைசலிற் சூடாக்கித் தூய்மை செய்தனர். பின்னர்ச் சூடாக்கும் தொல்லையை விடுத்து, கடையில் வாங்கிய உப்பு வில்லைகளை வடிநீரிற் கரைத்துக் கரைசலை வீட்டிலேயே ஆக்கிக்கொள்வோர் பெருகினர். 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில், அக்கந்தமீபா என்னும் ஓரணு உயிரால் விளையும் கடுமையான விழிவெண்படல நோய் திடீரெனப் பெருகிற்று. ஆராய்ந்தபோது, நோயுற்றாருட் பெரும்பாலோர் தொடுவில்லை அணிவோர் என்பதும், வீட்டிற் செய்த கரைசலைப் பயன்படுத்தியோர் அவர்களுட் பலர் என்பதும் தெரியவந்தன.

அக்கந்தமீபா மண்ணிலும் குளத்திலும் கிணற்றிலும் குழாய்நீரிலும் இயல்பாக வாழ்வது. அந்நீரைப் பருகுவதாற் பொதுவாகத் தீங்கில்லை. இடர் நேருங்கால் அவ்வுயிர் தன்னைச் சுற்றித் தடித்த உறையொன்றை அமைத்துக்கொண்டு அடங்கிவிடும். குழாய்நீரிற் கலக்கும் அளவான குளோரீன் அவ்வுறையை ஊடுருவுவதில்லை. வில்லைப் பெட்டியின் உட்புறத்தில் வழுவழுப்பாகப் படியும் பற்றீரியாக்களே அதற்கு உணவு. வில்லையோடு கண்ணை அடைந்து, படலத்தின் நுண்ணிய கீறலூடே உட்புகுந்தால், அது மாதக்கணக்கில் மருந்திட்டாலும் எளிதில் நீங்காத நோயை விளைவிக்கும். விக்டோரியா நீர்த்தேக்கத்து நீராயினும், வீட்டுக் கிணற்று நீராயினும், போத்தலில் விற்கும் குடிநீராயினும், வில்லைக்கு ஆகாமை ஒன்றே. தெளிந்த நீர் வேறு. நுண்ணுயிரற்ற நீர் வேறு. வில்லையோடு நீந்துதலும் ஆற்றில் மூழ்குதலும் குழாயடியில் முகங்கழுவுதலும் விலக்கப்படுவதன் காரணம் இதுவே.

இரண்டாவது பாடம் உறக்கத்தைப் பற்றியது. 1981இல், பல நாள் கழற்றாது அணியத்தக்க மென்வில்லைகளுக்கு அமெரிக்காவில் இசைவு வழங்கப்பட்டது. முப்பது நாள்வரை இரவும் பகலும் அணியலாம் எனக் கூறப்பட்டது. 1989இல் வெளியான ஓர் ஆய்வு, பகலில் மட்டும் மென்வில்லை அணிவோரில் ஆண்டுக்குப் பதினாயிரவருள் 4.1 பேருக்கும், இரவும் கழற்றாது அணியும் வகையினை உடையோரில் 20.9 பேருக்கும் படலப்புண் உண்டாவதைக் காட்டிற்று. அவ்வாண்டே முப்பது நாள் என்னும் வரம்பு ஏழு நாளாகக் குறைக்கப்பட்டது. இமை மூடியிருக்கும்போது காற்று எட்டாது; கண்ணீர் ஓட்டமும் தளரும்; வெதுவெதுப்பிலும் ஈரத்திலும் நுண்ணங்கி பெருகும். சூடோமோனசு என்னும் பற்றீரியா இவ்வாறு இடம்பெற்றால், ஓரிரு நாளிலேயே படலத்தைக் கரைத்துத் துளைக்கவல்லது. திகனவிலிருந்து கண்டிக்குப் போய் மாலையில் மீளும் மாணவன், பேருந்திற் கண்ணயர்வதும், வீடு சேர்ந்து களைப்பால் வில்லையோடு உறங்கிவிடுவதும் சிறு செயல்களாகவே தோன்றும். அச்சிறு செயலின் விலையே மேற்காட்டிய எண்களிற் காணப்படுவது.

மூன்றாவது பாடம் ஆசியாவிலிருந்து வந்தது. 2005ஆம் ஆண்டின் இறுதியிலும் 2006ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் தொடுவில்லை அணிவோரிடையே பியூசாரியம் என்னும் பங்கசால் விளைந்த படலநோய் பெருகியதை மருத்துவர் கண்டனர். சிங்கப்பூரில் 66 நோயாளரைப் பற்றிய ஆய்வு வெளியாயிற்று. அவர்களுட் பெரும்பாலோர் வில்லை பேணும் முறையிற் குறையுடையோராய் இருந்தனர். அமெரிக்காவில் உறுதிசெய்யப்பட்ட நோயாளர் 164 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர்க்கு விழிவெண்படல மாற்று வேண்டியதாயிற்று. அந்நோய் ஒரு குறிப்பிட்ட கழுவுகரைசலோடு தொடர்புடையதெனக் காணப்பட்டு, அக்கரைசல் 2006 மே மாதத்தில் உலகெங்கும் விற்பனையிலிருந்து மீட்கப்பட்டது. அதனைப் பயன்படுத்தியோருள்ளும், பெட்டியிலிருந்த பழைய கரைசலைக் கொட்டாது மீண்டும் பயன்படுத்தினோர்க்கே நோய் மிகுதியாகக் கண்டது. குற்றம் பொருளிலும் இருந்தது, பழக்கத்திலும் இருந்தது. விலையுயர்ந்த கரைசலைச் சிக்கனமாகச் செலவிடுதல் குடும்பம் நடாத்துவோர்க்கு இயல்பே. எனினும் நேற்றைய கரைசலிற் கிருமியை அழிக்கும் ஆற்றல் செலவாகிவிட்டது என்பதை அறிதல் வேண்டும்.

வெப்பமும் ஈரமும் மிக்க தென்னாசிய நாடுகளில் இப்பங்கசுநோய் வில்லை அணியாதாரையும் விடுவதில்லை. 1993இல் மதுரை மாவட்டத்திற் பதினாயிரவருள் 11.3 பேருக்குப் படலப்புண் உண்டானதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மதுரையில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வில், கிருமி கண்டறியப்பட்ட புண்களில் ஏறக்குறையச் சரிபாதி பங்கசால் விளைந்தவை. வயலில் நெல்லின் தாளோ இலையோ கண்ணிற் பட்டு உண்டாகும் கீறலே அவற்றுட் பலவற்றின் தொடக்கம். அத்தகைய காற்றும் மண்ணும் உள்ள நாட்டில் வில்லை அணிவோர் குளிர்நாட்டாரிலும் கூடுதலாக விழிப்புடையராதல் தகும். திகனப் பகுதியில் டொலமைற்றுக் கல் அகழ்தலும் சுண்ணாம்பு சுடுதலும் நிகழ்வன. தூள் பறக்கும் தொழிலிடத்தில் தொடுவில்லையினும் காப்புக்கண்ணாடியே ஏற்றது. சுண்ணாம்போ வேறு காரப்பொருளோ கண்ணிற் பட்டுவிடின், அப்பொழுது மட்டும் நீரைப் பற்றிய தயக்கம் கூடாது. கிடைக்கும் நன்னீரால் உடனே நெடுநேரம் கண்ணைக் கழுவி, வில்லையை நீக்கி, மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

இவ்வரலாறு முழுவதிலிருந்தும் திரண்ட முறைகள் சிலவே. வில்லையைத் தொடுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவி, நூல் பிரியாத தூய துணியால் ஈரம் போகத் துடைத்தல் முதலாவது. கழற்றிய வில்லையை உள்ளங்கையில் வைத்து, அதற்கென அமைந்த கரைசலை விட்டு விரலால் மெல்லத் தேய்த்து அலசுதல் இரண்டாவது. பெட்டியை ஒவ்வொரு நாளும் வெறுமையாக்கி, அக்கரைசலாலேயே கழுவி, கவிழ்த்து உலரவைத்து, மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் மாற்றுதல் மூன்றாவது. உறங்குமுன்னும் நீராடுமுன்னும் வில்லையைக் கழற்றுதல் நான்காவது. காலங்கடந்த வில்லையை அணியாமையும், பிறர் அணிந்ததை வாங்கி அணியாமையும், உமிழ்நீரால் நனையாமையும் ஐந்தாவது. நாளுக்கொன்றாக அணிந்து எறியும் வில்லைகள் 1990களின் நடுப்பகுதியில் வழக்கிற்கு வந்தபின், பெட்டியும் கரைசலும் வேண்டாத ஒரு வழியும் பிறந்துள்ளது. கைகழுவும் கடன் அதிலும் நீங்குவதில்லை.

கண் சிவத்தல், வலித்தல், ஒளி கூசுதல், பார்வை மங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் வில்லையை உடனே கழற்றவேண்டும். அன்றே கண் மருத்துவரை நாடுதல் வேண்டும். கழற்றிய வில்லையையும் பெட்டியையும் எறியாது உடன் கொண்டு செல்லின், கிருமி யாதெனக் காண அவை உதவும். தாய்ப்பால் விடுதலும் நந்தியாவட்டை மலரை ஒற்றுதலும் கிராமங்களில் அன்போடு கூறப்படும் மருந்துகள். படலத்திற் புண் உண்டான கண்ணுக்கு அவை ஏற்றவையல்ல. புதுக்கிருமியைச் சேர்க்கவும் கூடும். மருத்துவர் எழுதாது மருந்துக்கடையில் வாங்கும் தெறொயிட்டுத் துளிமருந்து அதனினும் இடர் தருவது. அது சிவப்பைத் தணித்து நோய் தீர்ந்ததெனக் காட்டும். உள்ளே கிருமி தடையின்றி வளரும்.

அறியாமையே இந்நோய்க்கு முழுக்காரணம் எனின், அறிவித்த அளவில் அது ஒழிந்திருக்கும். ஆனால் அமெரிக்காவில் 2015இல் வெளியான ஒரு கணிப்பின்படி, வில்லை அணிவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின்மர் தாம் தவறெனக் கருதப்படும் பழக்கம் ஒன்றையேனும் செய்வதாக ஒப்புக்கொண்டனர். ஆகவே குறை அறிவில் அன்று. நாள்தோறும் செய்யும் சலிப்பான செயலைச் சலியாது செய்யும் உறுதியிலேயே உள்ளது. அவ்வுறுதியை வளர்த்தல் வீட்டிற்கும் பள்ளிக்கும் உரிய பணியாகும்.

இலங்கையர்க்கு இதில் தனிப்பட்ட பொறுப்பும் உண்டு. மருத்துவ மாணவராக இருந்த அட்சன் சில்வா 1958இல் கண்தானம் வேண்டிப் பத்திரிகையில் எழுதினார். 1960இல் அவர்தம் அன்னையார் மறைந்தபோது அவ்வம்மையாரின் விழிவெண்படலங்கள் பிறர்க்குப் பொருத்தப்பட்டன. 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் தோன்றிற்று. விச்டெர்லே தம் வீட்டில் மென்வில்லையை வார்த்ததும் அவ்வாண்டிலேயே. 1964இல் சங்கம் முதன்முதலாக வெளிநாட்டுக்குக் கண்களை அனுப்பியது. அவை சென்ற இடம் சிங்கப்பூர். அதன்பின் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில், பல்லாயிரவர் இலங்கையர் ஈந்த கண்களால் ஒளி பெற்றுள்ளனர். கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பர் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த சைவரும், கண்ணீந்த சிவி மன்னனின் சாதகக் கதையைக் கேட்டு வளர்ந்த பௌத்தரும் ஒருங்கே வாழும் நாட்டில் இவ்வறம் வேரூன்றியது வியப்பன்று.

அவ்வாறு ஈயப்படும் படலம் ஒவ்வொன்றும் ஒருவர் இறந்தபின் மற்றொருவர்க்குக் கிடைப்பது. வேண்டுவோர் தொகையோ கிடைப்பனவற்றினும் மிகுதி. தவிர்க்கமுடியாத நோயாலும் விபத்தாலும் பார்வை இழந்தோர் அதற்காகக் காத்திருக்கின்றனர். கைகழுவச் சோம்பியும், ஓரிரவு கழற்ற மறந்தும், பழைய கரைசலைக் கொட்ட மனமின்றியும் தம் படலத்தை இழப்பவர், அக்காத்திருப்போர் வரிசையில் ஓரிடத்தைத் தாமும் பற்றிக்கொள்கின்றனர். தன் கண்ணைத் தூய்மையாய்க் காத்தல் தன்னலம் மட்டுமன்று. அது கண்தானம் செய்த முன்னோர்க்கும், காத்திருக்கும் பார்வையிழந்தோர்க்கும் இளைஞர் செலுத்தத்தக்க கடனுமாகும்.